விபத்துகள்: பூஜ்யம்

மூன்றாவது சீப்பின் பல் மேலே பார்க்கிறதா, இடது பக்கம் பார்க்கிறதா என்பது ஜோதிலிங்கத்துக்குச் சுத்தமாக மறந்துபோயிற்று. கண் பரிசோதனைக்கு வந்திருக்கும் பெண் கீழ் வீட்டு மணியை அடித்தாயிற்று.

"வலது, கீழ்..." குளியலறையில் நின்று கையை நாலு திசைக்கும் நீட்டி மடக்கினார். "வலது, கீழ், இடது... இல்ல, மேல்..."

"பல் தேய்க்கப் போன மனுசருக்கு அங்க என்ன டிரில்லு?" என்று சமையலறையிலிருந்து வள்ளியம்மையின் குரல் வந்தது.

ஜோதிலிங்கம் கதவைச் சாத்திக்கொண்டு நண்பர் அப்பாவுவுக்குப் போன் போட்டார்.

"வே அப்பாவு, மூணாவது என்ன வே?"

"மேல். வலது, கீழ், மேல், இடது, மேல். மூணும் அஞ்சும் ஒண்ணுன்னு வச்சுக்கிடும், மறக்காது."

அப்பாவு பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் முப்பது வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். எந்த அலமாரியில் எத்தனை நட்டு, எத்தனை போல்ட்டு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். வெள்ளிக்கிழமை மாலை அந்தக் குடியிருப்பில் முதல் ஆளாகப் பரிசோதனை செய்துகொண்டவரும் அவர்தான். ஆங்கில ‘E’ எழுத்து ஐந்தை ஒரே வரிசையில் அச்சடித்து எதிரே மாட்டியிருந்தார்கள். ஒவ்வொன்றும் மூன்று பல் சீப்பு மாதிரி இருக்கும், அந்தப் பல் எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று கையால் காட்ட வேண்டும். அவ்வளவுதான் பரிசோதனை.

கண் நன்றாகத் தெரிந்தவர்களுக்கு அது விளையாட்டு. ஜோதிலிங்கத்துக்கோ இரண்டு வருடமாக உலகமே பால் ஊற்றின பாயசம் மாதிரிதான் தெரிந்தது.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. காரணம், புனேயில் இருக்கும் மகன் ஜெயசீலன். அவன் ஒரு சட்டம் போட்டிருந்தான்.

"ரெண்டு பேர்ல ஒருத்தருக்காவது கண்ணு சரியா இருக்கணும்பா. இல்லைன்னா துவாரகா வீட்டைப் பூட்டிட்டு இங்க வந்துடணும். அங்க தனியா விட்டுட்டு என்னால இங்க நிம்மதியா தூங்க முடியாது."

அன்பான பிள்ளைதான். ஆனால் அவன் வீடு பதினேழாவது மாடி. போன வருடம் அங்கே இருபத்திரண்டு நாள் இருந்ததில், ஜோதிலிங்கத்திடம் தினமும் தவறாமல் பேசியது லிஃப்ட் ஒன்றுதான். தில்லியில் இந்தத் துவாரகா அப்படியல்ல. அரசு வேலை பார்த்த தமிழர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து கட்டிய குடியிருப்பு. படி இறங்கினால் பேச்சுத் துணை, ரோட்டைத் தாண்டினால் பால் பூத். அதை விட்டுப் போவது அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாத காரியம். வள்ளியம்மைக்குக் கண் நன்றாகத் தெரிவதில் அவருக்கு ஒரு தைரியம் இருந்தது. ஆனால் தனக்குத் தெரியவில்லை என்று எழுத்தில் பதிவானால், போட்ட சட்டத்தையே மறந்து அடுத்த விமானத்தில் ஜெயசீலன் வந்து இறங்கிவிடுவான் என்பதும் நிச்சயம்.

மணி அடித்தது.

வந்த பெண்ணின் பெயர் அகல்யா. மோதி பாக் கவர்மென்ட் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். இந்தக் கணக்கெடுப்பு வேலையில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

"அங்கிள், ஃபிஃப்டிக்கு மேல இருக்கிற எல்லாருக்கும் பாக்கறோம். எந்த ஏரியால எத்தனை பேருக்குக் கண்ணு மங்கலா இருக்குன்னு தெரிஞ்சாதான் அங்க ஆபரேஷன் வண்டி அனுப்புவாங்க. உங்க சொசைட்டியும் பின்னாடி குடிசைங்க இருக்கிற ஜுக்கியும் சேர்த்து ஒரே கணக்கு. டென்ஷன் வேணாம், ஜல்தி முடிச்சுடலாம்."

"டென்ஷனா, எனக்கா?" என்றவர் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு கையை வலது, கீழ், மேல், இடது, மேல் என்று மளமளவென்று வீசி முடித்தார்.

"அச்சா அங்கிள். ஆனா நான் இன்னும் கயிறு போட்டு தூரம் அளக்கல. சார்ட்டும் பையிலதான் இருக்கு."

"ரிகர்சல்மா," என்றார் ஜோதிலிங்கம்.

சார்ட்டை மாட்டிய பிறகும் அதே ஐந்தை அதே வேகத்தில் சொன்னார். அடுத்து வள்ளியம்மை நின்றாள். அவளும் ஒன்றுகூடத் தப்பாமல் சொன்னாள். அவளுக்கென்ன, கண் இருக்கிறது, சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

அகல்யா படிவத்தை நிரப்பினாள். "கடைசியா ஒரு கேள்வி அங்கிள். ரெண்டு வருஷத்துல வெளிய எங்கயாவது விழுந்தது, வண்டி இடிச்சது, ஏதாவது?"

ஜோதிலிங்கத்துக்கு மிகவும் பிடித்த கேள்வி அது.

"எழுதிக்கோம்மா, பூஜ்யம். தினமும் காலையில ஏழு மணிக்கு நானும் வள்ளியும் இந்த எதுத்தாப்புல ரோட்டைத் தாண்டிப் பால் பூத்துக்குப் போறோம். போக ஒண்ணு, வர ஒண்ணு. ரெண்டு வருசத்துக்கு ஆயிரத்து நானூத்து அறுபது தடவை. ஒரு கீறல் கிடையாது. தில்லி டிரைவர்மாரை எல்லாரும் ஏசுதாங்க. நாங்க கால வச்சதும் பஸ்ஸு, டெம்போ எல்லாம் அப்படியே நின்னுரும். நரைச்ச தலைக்கு மரியாதை."

உண்மைதான், நின்றுவிடும். வள்ளியம்மையின் கையைப் பிடித்துக்கொள்வார். அவள் கால் எடுத்து வைத்தால் ரோடு காலி என்று அர்த்தம், இவரும் வைப்பார். அந்தப் பக்கம் சேர்ந்ததும், வழிவிட்ட முகம் தெரியாத மனிதர்களுக்கெல்லாம் சேர்த்துப் பொதுவாகக் காற்றில் ஒரு கும்பிடு போடுவார். நன்றி சொல்வதில் அவர் என்றுமே குறை வைத்தது கிடையாது.

குறை வைக்காத இன்னொரு விஷயம் புகார். கேட் ஓரம் மரத்தடியில் கரி இஸ்திரிப் பெட்டி வைத்துத் தேய்க்கும் பொன்னம்மாள், மாதம் இரண்டு சட்டையையாவது கருக்கிவிடுவாள். அவருக்கு அது கண்ணில் படாது. "என்ன வே, முதுகுல ஆப்பிரிக்கா மேப்பு?" என்று அப்பாவு கேட்ட பிறகு தடவிப் பார்த்து, முகர்ந்து பார்த்து உறுதி செய்துகொண்டு, சொசைட்டி புகார் ரெஜிஸ்டரில் எழுதிவிட்டு வருவார். அந்த எழுத்து மூன்று கோடுகளைத் தாண்டி ஏறி இறங்கிப் போகும். கேட்டால், அவசரத்தில் எழுதினது என்பார்.

அகல்யா அன்றே எல்லா வீட்டையும் முடித்துவிட்டுப் போனாள். ஜோதிலிங்கம் நிம்மதியாக இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார். நிம்மதி மூன்று நாள்தான் நீடித்தது.

புதன்கிழமை அகல்யா அழுத முகத்தோடு வந்து நின்றாள்.

"அங்கிள், உங்க சொசைட்டில நாப்பது பேர். நாப்பது பேருக்கும் கண்ணு ஃபர்ஸ்ட் கிளாஸ். நாங்க இதுவரைக்கும் பாத்த இடத்துல எல்லாம் நாப்பதுக்கு அஞ்சாறு பேராவது வருவாங்க. இங்க ஜீரோ. நான் சாய்க் கடைல உக்காந்து ஃபார்ம் நிரப்பிட்டேன்னு மேடம் நினைக்கிறாங்க. வெள்ளிக்கிழமை எல்லாரையும் மறுபடி டெஸ்ட் பண்ணச் சொல்லிட்டாங்க."

"நாப்பது பேருமா?" ஜோதிலிங்கத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அவள் போனதும் அப்பாவுவைப் பிடித்தார்.

"வே, அந்த அஞ்சையும் எனக்கு மட்டும்தான சொன்னீரு?"

"உமக்கு மட்டும் சொன்னா மத்தவங்க வருத்தப்பட மாட்டாங்களா? குரூப்புல வாய்ஸ் மெசேஜ் போட்டுட்டேன். எல்லாரும் நன்றி சொல்லிக் கும்பிடு போட்டிருக்காங்க, பாரும்."

அந்தக் குடியிருப்பில் யாரும் கெட்டவர்கள் அல்லர். ஆனால் எல்லாரும் முப்பது, முப்பத்தைந்து வருடம் டிபார்ட்மென்ட் பரீட்சை எழுதியே பதவி உயர்வு வாங்கியவர்கள். முன்கூட்டியே விடை கையில் கிடைத்தால் அதைப் படிக்காமல் போவது அவர்களைப் பொறுத்தவரை சோம்பேறித்தனம்.

ஜோதிலிங்கத்துக்கு அன்று சோறு இறங்கவில்லை. அவர் மத்திய அரசின் புள்ளிவிவர அலுவலகத்தில் முப்பத்து நாலு வருடம் வேலை பார்த்தவர். பூஜ்யத்தை நம்பாதே, ஆள் அனுப்பிப் பார் என்பது அங்கே அவர் வைத்திருந்த விதி. ஒரு ஊரிலிருந்து ‘இவ்வருடம் காய்ச்சல் கண்டவர்: பூஜ்யம்’ என்று வந்த படிவத்தைத் திருப்பி, எழுதியவரைத் தில்லிக்கு வரவழைத்துக் கேட்ட கேள்வியில் அந்த ஆளுக்கே காய்ச்சல் வந்துவிட்டது. அப்பேர்ப்பட்டவர் செய்த காரியத்தால் இப்போது ஒரு சின்னப் பெண்ணின் வேலை ஆட்டம் கண்டிருந்தது.

உண்மையைச் சொன்னால் புனே. சொல்லாவிட்டால் அகல்யாவுக்கு வேலை போகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தார். மறு பரிசோதனையில் ஐந்தே ஐந்து பேர் தோற்றுவிட்டால் போதும், கணக்கு இயற்கையாக இருக்கும். எந்த ஐந்து பேர் என்பதையும் முறைப்படி தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதற்காக, அலுவலகத்திலிருந்து நினைவாகக் கொண்டுவந்திருந்த ரேண்டம் எண்கள் புத்தகத்தைப் பரணிலிருந்து இறக்கினார்.

"வள்ளி, கண்ணாடியக் காணோம். நான் விரல் வைக்கிற இடத்துல இருந்து அஞ்சு நம்பர் வாசி."

வள்ளியம்மை கொஞ்சமும் தயங்கவில்லை. "ஏழு, பதினாலு, இருபத்தொண்ணு, இருபத்தெட்டு, முப்பத்தஞ்சு."

ஜோதிலிங்கத்துக்கு லேசாக ஒரு நெருடல். பிறகு, ரேண்டம் என்றால் அப்படியும் வரும்தான் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார்.

அந்த ஐந்து எண்ணுள்ள வீடுகளுக்கு மட்டும் ரகசியமாகப் போய், "அந்தப் பிள்ளை வேலையைக் காப்பாத்தணும். வெள்ளிக்கிழமை நீங்க கொஞ்சம் தப்பா காட்டுங்க," என்று கேட்டுக்கொண்டார். ஐந்து வீட்டிலும் மனமுவந்து ஒத்துக்கொண்டார்கள். ஏழாம் நம்பர் ராமமூர்த்தி, கண் கலங்கி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு ஓய்வுபெற்ற பிறகு யாருமே முக்கியமான வேலை எதுவும் கொடுக்கவில்லையாம்.

வெள்ளிக்கிழமை அகல்யா புது அட்டையோடு வந்தாள். ஒரே ஒரு சீப்பு, ஒவ்வொரு தடவையும் அவள் அதைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். ஜோதிலிங்கம் இருட்டில் கல் எறிவதுபோலக் கையை வீசினார். அவள் எழுதிக்கொண்டாள். இன்று நிஜமாகவே தோற்றவன் நான் ஒருவன்தான் என்று நினைத்தபடி வந்து உட்கார்ந்தார்.

மாலையில் அவள் போன் செய்தாள்.

"அங்கிள்... முப்பத்து மூணு."

"என்னம்மா முப்பத்து மூணு?"

"நாப்பதுல முப்பத்து மூணு பேருக்குக் கண்ணு தெரியல. ஏழாம் நம்பர் அங்கிள் சுவத்துல முட்டிக்கிட்டாரு. இருபத்தாறாம் நம்பர் ஆன்ட்டி என்னையே அவங்க மருமகன்னு சொல்லி ஆசீர்வாதம் பண்ணாங்க. நாளைக்கு மேடமே வண்டியோட வர்றாங்க. என் ஐடி கார்டை எடுத்து வெச்சுக்கச் சொல்லிட்டாங்க."

இதுவும் அப்பாவுவின் கைங்கரியம்தான். ஐந்து வீட்டில் ஒரு வீடு அவரிடம் உளறியிருக்கிறது. அவர் குரூப்பில் போட்டுவிட்டார். "ஒரு பொண்ணு அழுதுச்சுன்னா அஞ்சு பேர் மட்டும் உதவி பண்ணிட்டு மத்தவங்க வேடிக்கை பாக்கவா? என்ன மனுசன் வே நீரு?" என்று ஜோதிலிங்கத்தையே திருப்பிக் கேட்டார்.

சனிக்கிழமை காலை கேட்டுக்குள் வெள்ளை வண்டி வந்து நின்றது. டாக்டர் மீனாக்ஷி இறங்கினார். கரோல் பாகில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். கணக்கெடுப்பு மொத்தமும் அவர் பொறுப்பு. நாற்பது பேரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சிலர் முன்ஜாக்கிரதையாகக் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்கள்.

"போன வாரம் ஜீரோ. இந்த வாரம் முப்பத்து மூணு. ரெண்டுல ஒண்ணு பொய், இல்ல ரெண்டுமே பொய்," என்றார் டாக்டர். "அகல்யா, இந்த நம்பரை நம்பி வண்டி அனுப்பினா, உண்மையிலேயே கண்ணு தெரியாத வேற ஏரியா ஆளுங்களுக்கு வண்டி போகாது. புரியுதா? கார்டைக் கொடுத்துட்டுப் போ."

அகல்யா கழுத்திலிருந்து கார்டைக் கழற்றினாள். ஜோதிலிங்கத்துக்கு அது தெரியவில்லை. ஆனால் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் கேட்டதும் பதினேழாவது மாடி, லிஃப்ட், ஜெயசீலன் எல்லாம் எங்கேயோ போய்விட்டது.

எழுந்தார். "மேடம், அந்தப் பிள்ளை மேல ஒரு தப்பும் கிடையாது. பூஜ்யமும் நான் பண்ணினது, முப்பத்து மூணும் நான் பண்ணினது. எனக்கு அந்தச் சீப்பும் தெரியாது, பல்லும் தெரியாது. இப்ப நீங்க நிக்கீங்களா உக்காந்திருக்கீங்களான்னுகூடத் தெரியல. சொன்னா மகன் புனேக்கு இழுத்துட்டுப் போயிருவான்னு பயந்து மறைச்சேன்."

டாக்டர் படிவத்தைப் பார்த்தார். "முப்பத்து நாலு வருஷம் புள்ளிவிவர ஆபீஸ்லன்னு போட்டிருக்கு. நீங்களா இதைப் பண்ணினீங்க?"

"அதான் மேடம், அவ்வளவு சுத்தமா வந்துச்சு."

டாக்டர் மீனாக்ஷிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்ன டார்ச்சை எடுத்து அவர் கண்ணில் அடித்துப் பார்த்தார். "ரெண்டு கண்ணுலயும் புரை. நல்லா முத்தியிருக்கு. இதுக்குப் போயா பயந்தீங்க? ஒவ்வொரு கண்ணா ஆபரேஷன் பண்ணினா, ரெண்டு மாசத்துல நீங்களே பஸ் நம்பர் படிப்பீங்க. புனேக்கும் போக வேணாம், எங்கயும் போக வேணாம்."

இரண்டு வருடம் எதற்காக இப்படி ஒளிந்து திரிந்தோம் என்று ஜோதிலிங்கத்துக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. டாக்டரம்மா இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டார். கும்பிடு டீ கொண்டுவந்தவருக்குப் போய்ச் சேர்ந்தது.

அப்போது வள்ளியம்மை மெல்ல எழுந்து வந்தாள்.

"அம்மா, அந்த டார்ச்சை எனக்கும் ஒரு தடவை அடிச்சுப் பாருங்க."

அடித்துப் பார்த்தார்கள். அவளுக்கும் இரண்டு கண்ணிலும் அதே புரை.

"வள்ளி, உனக்குமா?" ஜோதிலிங்கம் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அந்த ரேண்டம் நம்பரை எல்லாம் எப்படி வாசிச்ச?"

"எங்க வாசிச்சேன்? ஏழாம் வாய்ப்பாடு சொன்னேன். சீப்பு விசயம் நீங்க குளிக்கிற ரூம்ல சத்தமா மனப்பாடம் பண்ணும்போதே கேட்டுக்கிட்டேன். எனக்கும் தெரியலைன்னு சொன்னா நீங்க இடிஞ்சு போயிருவீங்க. உங்களுக்கு இந்த இடம்னா உசுருல்லா. அதான், ஒங்களுக்குக் கண்ணு நல்லா இருக்குல்லா, போதும்னு இருந்துட்டேன்."

ஜோதிலிங்கம் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையையே தடவிக்கொண்டிருந்தார். அகல்யா முகத்தைத் துடைத்துக்கொண்டு கார்டைத் திரும்ப மாட்டிக்கொண்டாள்.

டார்ச்சுக்கு முன்னால் யாராலும் நடிக்க முடியவில்லை. ஒரு மணி நேரத்தில் நாற்பது பேரையும் பார்த்து முடித்தார்கள். பார்வை மங்கியவர்கள் சரியாக ஐந்து பேர். "நான்தான் அப்பவே அஞ்சுன்னு சொன்னேனே," என்றார் ஜோதிலிங்கம். ஆளைத்தான் மாற்றிச் சொல்லியிருந்தார். அடுத்த வியாழக்கிழமையே ஆபரேஷன் வண்டி வரும், பின்னால் ஜுக்கியிலும் நிற்கும் என்று முடிவாயிற்று. யார் யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் எல்லாரும் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ராமமூர்த்திக்கு நெற்றி வீக்கத்துக்குக் களிம்பு கொடுத்தார்கள்.

டாக்டர் மீனாக்ஷி கடைசியாக ஜோதிலிங்கத்தின் படிவத்தில் கையெழுத்துப் போடப் போனவர், பேனாவை நிறுத்தினார்.

"இருங்க. இதுல இன்னொரு ஜீரோ இருக்கே. ரெண்டு வருஷம், ஆயிரத்து நானூத்து அறுபது தடவை, இந்த ரோடு. விபத்துகள் பூஜ்யம்னு எழுதியிருக்கு. உங்களுக்கும் தெரியல, அவங்களுக்கும் தெரியல. எப்படி?"

"நான் இவரு கால் வச்சா வைப்பேன்," என்றாள் வள்ளியம்மை.

"நான் இவ கால் வச்சா வைப்பேன்," என்றார் ஜோதிலிங்கம். முப்பத்து நாலு வருட அனுபவம் உள்ளேயிருந்து, பூஜ்யத்தை நம்பாதே என்றது. ஆனால் இது நடந்த கணக்கு, ஒரு தடவைகூடப் பொய்யில்லை. "டிரைவர்மாரோட நல்ல மனசுதான் மேடம். வேற என்ன இருக்க முடியும்?"

தேய்த்த துணிமூட்டையோடு வாசலில் நின்றிருந்த பொன்னம்மாள் மூட்டையைக் கீழே வைத்தாள்.

"டிரைவரா? நீங்க ரெண்டு பேரும் ரோட்டுல கால வைக்கிறப்பல்லாம் சட்டை மேல பொட்டியப் போட்டது போட்டபடி விட்டுட்டு ஓடியாந்து, நடு ரோட்டுல ரெண்டு கையையும் விரிச்சு வண்டிய நிறுத்துறவ நான்தான்யா. தெனமும் என்னைப் பாத்துதான் கும்பிடு போடுறீங்கன்னு நெனச்சேன், அப்புறம் சட்டை கருகுதுன்னு எம்மேலயே ஏன் எழுதிக் குடுக்குறீங்கன்னுதான் ரெண்டு வருசமா எனக்குப் புரியல."